சுவரில் ஒரு குறுக்குக் கோடு

மாரி இறங்கி வயல்களில் தண்ணீர் கட்டிய கிழமைகளில் குறிஞ்சாக்கேணிப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்தது. வரம்பு கட்டப் போன றுவைஸின் குதிக்காலில் வெடிப்பு இருந்தது. வயல் தண்ணீரில் கலந்த எலி மூத்திரம் அந்த வெடிப்பால்தான் உடம்புக்குள் போயிருக்க வேண்டும் என்று டொக்டர் பிறகு சொன்னார். றுவைஸ் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். கண் சிவந்து, மூத்திரம் போவது நின்ற பிறகுதான் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது மையத்து, உயிரில்லாத உடம்பு.

அவனுடைய பெண்சாதி அசனா இத்தாவில் இருந்தாள். வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. றுவைஸ்தான் கலியாணம் முடித்து இங்கே வந்தவன். ஆகையால் அவன் போன பிறகும் அவள் உம்மாவோடும், தம்பி முனீபோடும், ஐந்து வயது மகள் பஹ்மியாவோடும் அதே வீட்டில்தான் இருந்தாள். புருஷன் இறந்து இத்தாவில் இருக்கும் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகமாட்டாள். பிற ஆண்களின் கண்ணில் படமாட்டாள். துக்கம் விசாரிக்க வருகிற ஆண்களுக்கு முன்பக்கம் வேண்டும், அவளுக்குப் பின்பக்கம் வேண்டும். இருப்பதோ ஒரே ஹோல். மையத்து அடக்கிய அன்று பின்னேரமே முனீப் இரண்டு பக்கச் சுவரிலும் தலைக்கு மேலே ஓர் ஆணி அடித்து, கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி, இரும்பு வளையங்களில் ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டான்.

கம்பியைக் கட்டி முடிந்த கையோடு வீட்டில் கரண்ட் போனது. முற்றத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யாசீன் ஓத உட்கார்ந்தவர்களுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றாடியும் இல்லை. முனீப் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கரண்ட் வந்தது. அதைப் பற்றி யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் யார்தான் யோசிப்பார்கள்?

திரை அசனாவை முதன்முதல் பிடித்தது ஓர் அஸர் தொழுகை நேரத்தில். பின்பக்கக் குழாயடியில் வுழுச் செய்து, கையும் முகமும் காலும் கழுவிய ஈரத்தோடு உள்ளே வந்து, தொழுகைப் பாயை எடுப்பதற்காகத் திரையின் வளையத்தைத் தள்ளினாள். யாரோ அவளுடைய விரல்களைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததுபோல் இருந்தது. முழங்கை வரை ஓடி, தோளில் ஓர் உதறல் உதறிவிட்டுப் போனது. அவள் அப்படியே சுவரோரம் இருந்துவிட்டாள்.

"என்ன புள்ள?" என்று குசினியிலிருந்து உம்மா வந்தாள்.

"ஆரோ இழுத்த மாதிரி இருந்திச்சி உம்மா."

"ஆரு?"

"தெரியா. திரையில கை வெச்சன். இழுத்திச்சி."

உம்மா போய் வளையத்தைத் தொட்டாள். கம்பியையும் எட்டித் தொட்டாள். ஒன்றும் இல்லை. உம்மாவின் முகத்தில் பயம் போய் இரக்கம் வந்தது. "சாப்பிடாமக் கொள்ளாம இருந்தா இப்பிடித்தான் இழுக்கும். மரவள்ளி அவிச்சிருக்கன், ரெண்டு துண்டு தின்னு."

அடுத்தடுத்த நாட்களிலும் அது நடந்தது. ஒவ்வொரு நாளும் இல்லை. ஒவ்வொரு முறையும் இல்லை. ஆனால் நடந்தபோதெல்லாம் அவள் தொழப் போகிற நேரமாகவே இருந்தது. இதுதான் உம்மாவின் மனதைக் குழப்பியது. மற்ற நேரத்தில் திரையை நூறு முறை தள்ளினாலும் சும்மா இருக்கிறது. தொழப் போகும்போது மட்டும் தடுக்கிறது என்றால் அது என்ன? உம்மா அதன் பெயரை வாயால் சொல்லவில்லை. பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஓதி வாங்கினாள். ஓதிய தண்ணீரைத் திரையைச் சுற்றித் தரையெல்லாம் தெளித்தாள். அன்றைக்கு மஃரிப் தொழுகை நேரம் அது இன்னும் பலமாகப் பிடித்தது.

லெப்பை மறுநாள் தெருவில் உம்மாவைக் கண்டு கேட்டபோது உம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஓதினதுக்குக் கூடுறதெண்டா எனக்கு விளங்குதில்ல. ஆஸ்பத்திரியில காட்டிப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

முனீபும் வந்து பார்த்தான். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன், வயரையும் பல்ப்பையும் தொட்டுப் பழகிய கை. திரைக்கம்பியைப் பிடித்து ஆட்டினான். "ராத்தா, ஒண்டும் இல்ல பாருங்க. கரண்ட் எண்டா எனக்கும் அடிக்கோணுமே. உங்கட தையல் மெஷின் அதே சுவர்ல உள்ள பொயின்ற்லதானே ஓடுது? அது ஒழுங்கா ஓடுதுதானே?"

ஓடுகிறதுதான். அசனா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைக்கிறவள். ஜன்னலோரம் மெஷின், மெஷினுக்குப் பக்கத்திலேயே பிளக் சொருகும் பொயின்ற். மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், வேறொரு காரணமும் இருந்தது. இத்தா வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். பிறகு வராமல் விட்டார்கள். இப்போது எப்போதாவது அவள் கையைப் பிடித்து இழுப்பது அது ஒன்றுதான். தன்னுடைய இந்த நினைப்பு அவளுக்கே பயமாக இருந்ததால் அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அது பஹ்மியாவைப் பிடித்த அன்று எல்லாம் மாறியது.

உம்மா பிள்ளையைக் குளிப்பாட்டித் துவாயால் சுற்றிவிட்டிருந்தாள். பிள்ளை அதை உதறிக்கொண்டு ஈரக் காலோடு ஓடி வந்து, திரையோரம் உட்காரப் போட்டிருந்த கதிரையில் ஏறி, திரைக்குப் பின்னால் ஒளிவதற்காக வளையத்தில் கையைப் போட்டது. மற்றக் கை கதிரையோரச் சுவரில் இருந்தது. போட்ட கை எடுபடவில்லை. ஒரு சத்தம்தான் வந்தது, பிள்ளையின் சத்தம்போல் இல்லை. அசனா கையிலிருந்த துணிக்கட்டை அப்படியே பிள்ளையின் மேல் எறிந்து, துணியோடு சேர்த்து இடித்துத் தள்ளினாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். கரண்ட் பிடித்தவரை வெறுங்கையால் இழுக்கக் கூடாது என்று எப்போதோ றுவைஸ் சொல்லியிருந்தான். காய்ந்த துணிக்குள்ளால் கரண்ட் வராது. அந்த நேரத்தில் அவளுடைய கை அதை நினைவு வைத்திருந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. விக்கி விக்கி அழுதது.

அசனா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். "இவளுக்கும் துக்கமா உம்மா? இவளும் சாப்பிடாமத்தான் இருக்காளா?"

உம்மா வாசலில் இருந்த கரண்ட் பெட்டியிடம் ஓடினாள். போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, முனீபுக்கு அழைப்பு எடுத்தாள்.

பின்னேரம் முனீப் கிண்ணியாவிலிருந்து ஜெமீலைத் தன் ஓட்டோவில் ஏற்றி வந்தான். ஜெமீல் லைசன்ஸ் உள்ள வயர்மேன். அதைவிட, கதைக்காமல் ஒரு பல்ப்பையும் மாற்றத் தெரியாத மனிதன். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.

"சாச்சி, செருப்போட வந்ததுக்குக் கோவிக்க வேணாம். எனக்கும் ரெண்டு புள்ளைகள் இருக்கு." பிறகு திரைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, குரலை உயர்த்தினான். "தங்கச்சி, நான் இந்தப் பக்கம் திரும்ப மாட்டன். நீங்க அங்க இருந்துகொண்டே சொல்லுங்க. அடிச்ச நேரமெல்லாம் காலில செருப்பு இருந்திச்சா?"

அசனா திரைக்கு அந்தப் பக்கம் யோசித்தாள். "இல்ல. வுழுச் செய்துபோட்டு வந்த நேரம்."

"அப்ப காலும் ஈரம், கையும் ஈரம்."

"ஓம்."

"சாச்சி, நீங்க தொட்டுப் பாத்த நேரம்?"

"நான் ரப்பர் செருப்பு. குசினியில வழுக்கும் எண்டு போட்டிருக்கன்."

"முனீப்?"

"செருப்புத்தான் காக்கா," என்று முனீப் மூத்த அண்ணனிடம்போல் அடங்கிச் சொன்னான்.

ஜெமீல் கையைத் தட்டினான். "பாத்தீங்களா! செய்த்தானும் இல்ல, துக்கமும் இல்ல. கரண்டுக்கு ஒரே ஒரு ஆசைதான், நிலத்துக்குப் போறது. போக வழி கிடைக்குமட்டும் கம்பியில சும்மா குந்திக்கொண்டு இருக்கும். ரப்பர் செருப்புக்காரர் தொட்டா வழி அடைச்சிருக்கு. ஈரக் காலோட ஒரு ஆள் வந்து தொட்டா, வழி திறந்த மாதிரி. கையால ஏறி, உடம்பால இறங்கி, காலால போய்டும். அந்தப் புள்ள தொழப் போற நேரம்தான் இந்த வீட்டில ஒரு ஆள் கைகால் நனைச்சு, வெறுங்காலோட நிக்கிறது. அதுதான் கணக்கு."

உம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "நான் தண்ணியும் தெளிச்சனே, மகன்."

"வழியை அகலமாக்கி விட்டீங்க, சாச்சி," என்றான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதுதானே," என்று மெதுவாகச் சேர்த்தான். "தங்கச்சி விரல் நுனியால தட்டினதால தப்பினா. அந்தக் கம்பியை உள்ளங்கையால பிடிச்சிருந்தா கரண்ட் கையை மூடிப் பிடிச்சிரும், விடாது. அல்லாஹ்தான் காப்பாத்தினது."

கம்பியை அவிழ்ப்பதற்கு முன்பு அவன் வாசலில் இருந்த பெட்டியைத் திறந்தான். மெயின் சுவிட்ச் இறங்கியே இருந்தது. டெஸ்டரால் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விரலை உள்ளே விட்டான். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"முனீப். இங்க வா."

ட்ரிப் சுவிட்ச் என்பது ஒரு காவல்காரன். வீட்டுக்குள் எவ்வளவு கரண்ட் போனதோ அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். போனதில் ஒரு துளி திரும்பி வராவிட்டால், அது எங்கேயோ சுவராலோ, யாரோ ஒருவரின் உடம்பாலோ நிலத்துக்குப் போகிறதென்று அர்த்தம். கண் மூடித் திறப்பதற்குள் ட்ரிப் சுவிட்ச் தானே விழுந்து, கரண்டை நிறுத்திவிடும். இந்த வீட்டின் ட்ரிப் சுவிட்ச் நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் அதற்குள் போகும் வயர்களையும் வெளியே வரும் வயர்களையும் இரண்டு சிறு வயர்த் துண்டுகள் குறுக்குவழியாகக் கட்டியிருந்தன. கரண்ட் காவல்காரனின் முதுகுக்குப் பின்னால் போய்வந்துகொண்டிருந்தது.

"ஆரு கட்டினது?"

"நான்தான் காக்கா," என்றான் முனீப். "மையத்து அடக்கின அண்டைக்கு விழுந்துகொண்டே இருந்திச்சி. தூக்கத் தூக்க விழுந்திச்சி. ஆட்கள் இருட்டுக்குள்ள இருந்தாங்க. சுவிட்ச்தான் பழுதெண்டு நினைச்சன். பிறகு புதுசு வாங்கிப் போடுவம் எண்டு..."

"அது பழுதில்லடா. அது கத்திக்கொண்டு இருந்திச்சி. நீ வாயைக் கட்டிட்டாய்."

உம்மாவுக்கு அவ்வளவு போதும். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் ஒரு ஆளைக் கண்டுபிடித்ததுபோல் பொங்கியது. "நீயா? உன்ட ராத்தா ஒரு மாசமாக் கைய உதறிக்கொண்டு திரியிறாள், நீ கம்பிய ஆட்டி ஆட்டிக் காட்டினாய். ஆணி அடிச்சதும் நீ, வாயைக் கட்டினதும் நீ. சின்னப் புள்ளையக் கொல்லப் பாத்தியே! மருமகன் இருந்திருந்தா இப்பிடி நடக்குமா? அவர் ஒரு வேலை செய்தா அது வேலை. நீ எதைத் தொட்டாலும் நாசம்."

முனீப் தலையைக் குனிந்துகொண்டான். "ஆணிய நான் பாத்துத்தான் அடிச்சன் உம்மா."

"என்னத்தப் பாத்தாய்?"

"பொயின்ற்றுக்கு நேர மேல அடிக்கேல்ல. முந்தி டீவி பொயின்ற் இருந்த இடத்துக்குக் கீழயும் அடிக்கேல்ல. ரெண்டையும் விட்டு நடுவில, வெறுஞ்சுவர்லதான் அடிச்சன்."

ஜெமீல் சுவரைப் பார்த்தான். முனீப் சொன்னது சரி. திரைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரப் பொயின்ற் இடுப்பளவில் என்று முனீப் கையால் காட்டினான். ஆணியோ அதிலிருந்து நாலைந்து முழம் தள்ளி, தலைக்கு மேலே.

"அவன் சொல்றது ஞாயம், சாச்சி," என்றான் ஜெமீல். "சுவருக்குள்ள வயர் எங்க போகுதெண்டு ஆருக்கும் தெரியாது. அதுக்குத்தான் ஒரு சட்டம் வெச்சிருக்கு. பொயின்ற்ல இருந்து வயர் நேர மேல போகோணும், இல்லாட்டி நேர கீழ, இல்லாட்டி மட்டமாப் பக்கத்தால. பைப்புக்குள்ளால போகோணும். அப்ப பொயின்ற்றப் பாத்தாலே வயர் எங்கயெண்டு கண்ணுக்குத் தெரிஞ்ச மாதிரி. இந்தச் சட்டம் வயர் போடுறவனுக்கு இல்ல. பிறகு எப்பயோ ஆணி அடிக்க வரப் போற ஒருத்தனுக்கு, முகம் தெரியாத ஆளுக்கு." அவன் ஆணியைத் தடவினான். "இவன் அதை நம்பித்தான் அடிச்சிருக்கான். ஆனா ஆணி வயர்லதானே பட்டிருக்கு. அந்த ஜன்னல் பொயின்ற்ற ஆரு போட்டது?"

"மருமகன்தான்," என்றாள் உம்மா. "முந்தி டீவிக்குப் போட்டிருந்தது அங்க, வாசல்கிட்ட உயரத்தில. டீவி போன பிறகு அதில இருந்து எக்ஸ்ரென்ஷன் வயர் தரையால ஓடும், மெஷினுக்கு. நான் ஒரு நாள் தடக்கி விழுந்தன். அண்டைக்கே சொன்னார், மாமி, நான் அதை ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் தாறன் எண்டு. சொன்ன மாதிரியே செய்தார்."

"மேலால கொண்டு போனவரா, கீழாலயா?"

"அது எனக்குத் தெரியாது. சரியாத்தான் செய்திருப்பார். அவர்ட கை அப்பிடி."

திரைக்குப் பின்னால் அசனா சுவரைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். அந்த ஹோலில், இந்த ஊரில், அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அது ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம். றுவைஸ் மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டு, உளியையும் சுத்தியலையும் எடுத்தான். அந்த மட்டில் கவனமான மனிதன். யாரோ வீடு கட்டி மிஞ்சிய வயர்த்துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். மேலே போய் மட்டமாகப் போய்க் கீழே இறங்கினால் அது போதாது. அவன் வயரின் ஒரு நுனியைப் பழைய பொயின்ற்றில் பிடித்து, மறு நுனியை அவளிடம் கொடுத்து ஜன்னலடியில் வைக்கச் சொன்னான். வயர் சுவரில் குறுக்கே விறைப்பாக நின்றது.

"குறுக்கால போனா அளவாப் போதும், புள்ள."

"குறுக்காலயா?"

"நீ சட்டைக் கழுத்துக்குப் பட்டி வெட்டுறது குறுக்காலதானே?"

"குறுக்கால வெட்டினா துணி இழுபடும், தெரியுமா?"

"வயர் இழுபடாது," என்று சிரித்தான்.

மேலிருந்து கீழே சரிவாக, குறுக்காகவே வெட்டினான். பைப் இல்லாமல் வயரை வைத்து, பழைய பொயின்ற்றின் குழியில் கறுப்பு டேப்பால் முடிச்சைச் சுற்றி, எல்லாவற்றையும் சாந்தால் மூடினான். சாந்து பூசும் கரண்டி இல்லாததால் கையாலேயே தடவினான். பெயின்ற் பூசியும் விரல் பட்ட மேடுபள்ளம் தெரியும். தைக்கும்போது நிமிர்ந்தால் அவள் கண் அதில்தான் விழும்.

இத்தா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் றுவைஸைப் பற்றி நல்லதையே கதைத்தார்கள். மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் கதைக்க வேண்டும். குறையைச் சொன்னால் அவன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. ஊரே அதைக் காப்பாற்றும்போது, அவனுடைய பெண்சாதி, திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, வெளியாள் ஒருவருக்கு அவனுடைய பிழையைச் சொல்வதா? அவன் அந்தப் பிழையைச் செய்தது அவளுடைய மெஷினுக்காக.

அந்தப் பக்கம் ஜெமீல் பெருமூச்சு விட்டான். "நேர மேல போயிருந்தா ஆணியில பட்டிருக்காது. முனீப், வேற எங்கயும் ஆணி கீணி அடிச்சியா?"

"இல்ல காக்கா."

"பொய் சொல்லுவான்," என்றாள் உம்மா. "அடிச்சிருப்பான். நாளைக்கு என்ட பேத்தி மவுத்தாகினாலும் இல்ல காக்கா எண்டுதான் சொல்லுவான். எழும்பிப் போடா முன்னால நிக்காம!"

முனீபின் செருப்புச் சத்தம் வாசல் வரை போய் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். மச்சானின் மையத்தைக் குழிக்குள் இறக்கியவனும் அவன்தான். அன்று அழாதவன் இப்போது அழுதான்.

"நேர இல்ல," என்றாள் அசனா.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஜெமீல் மட்டும் திரும்பவில்லை.

"வயர் நேர மேல போகேல்ல. குறுக்கால போகுது. டீவி பொயின்ற் இருந்த இடத்தில இருந்து இஞ்ச மட்டும், குறுக்கால. நான்தான் ஒரு நுனியப் பிடிச்சன்."

"புள்ள!" என்றாள் உம்மா.

"ஓம் உம்மா. அவர்தான் போட்டார். தம்பி பாத்துத்தான் அடிச்சிருக்கான். அவனுக்கு ஏச வேணாம்."

வெளியே மழை தூறத் தொடங்கியது. ஜெமீல் தொண்டையைச் செருமினான். எப்போதும் வாயாடுகிறவன், வார்த்தையைத் தேடினான். "தங்கச்சி, அவர் நல்லதுக்குத்தான் செய்திருக்கார். கன பேர் இப்பிடித்தான் செய்யிறாங்க. வயர் போதாட்டி குறுக்கால. நானும் பழகிற காலத்தில... சரி, அதை விடுங்க. எங்க போகுதெண்டு உங்களால கோடு போட ஏலுமா? இல்லாட்டி நான் முழுச் சுவரையும் உடைக்கோணும்."

"ஏலும்."

"அப்ப நாங்க முத்தத்தில நிக்கிறம்."

ஆண்கள் வெளியே போனார்கள். மெயின் இறங்கியிருக்கிறது என்று உம்மா இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். அசனா தையல் பெட்டியிலிருந்து நீலச் சோக்கை எடுத்தாள். துணியில் கோடு போடும் தட்டையான சோக். கதிரையில் ஏறி, பழைய பொயின்ற் மூடிய இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு வட்டம் போட்டாள், முடிச்சு அதற்குள் இருக்கிறது. பிறகு விரலை முன்னால் விட்டு, சோக்கைப் பின்னால் விட்டு, அவனுடைய விரல்கள் தடவிப் போன மேடுபள்ளத்தின்மேல் மெதுவாக இறங்கி வந்தாள். சுவரின் நடுவில், முனீப் அடித்த ஆணியின் கீழ்விளிம்பில் சரியாக, கோடு ஆணியைத் தொட்டது. அவள் நிற்கவில்லை. ஜன்னலடிப் பொயின்ற் வரை கோட்டைக் கொண்டுவந்து முடித்தாள். கத்தரிக்கோல் வைக்க வேண்டிய கோடுபோல் அது சுவரில் கிடந்தது.

"இவ்வளவுதான், முடிச்சு வட்டத்துக்குள்ள," என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உளிச் சத்தம் ஒன்றொன்றாகக் கேட்டது. சாந்து தரையில் விழும் சத்தம். ஜெமீலின் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து, முனீபுக்கு ஒவ்வொன்றாகக் காட்டியது.

"இங்க பார். ஆணி வயரின்ட தோலைக் கிழிச்சிருக்கு. நடுவால போகேல்ல, ஓரத்தால உரசிக்கொண்டு. நடுவால போயிருந்தா அண்டைக்கே படார் எண்டு வெடிச்சு பியூஸ் போயிருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். உரசினதாலதான் ஒளிஞ்சிருந்திச்சி. மாரி ஈரம் வேற. வயர்ல இருந்து ஆணி, ஆணியில இருந்து கட்டுக்கம்பி, கம்பியில இருந்து வளையம். முழுத் திரையும் ஒரே வயர்."

"முடிச்சு எங்க காக்கா?"

"உன்ட ராத்தா போட்ட வட்டத்துக்கு நடுவில. ஒரு அங்குலம் பிசகேல்ல."

இருட்டுவதற்கு முன்பு வேலை முடிந்தது. ஜெமீல் குறுக்கு வயரை முழுவதும் பிடுங்கி எடுத்தான். முனீபை அனுப்பிப் பைப்பும் புது வயரும் வாங்குவித்து, கூரையோரமாக மட்டமாகக் கொண்டுபோய், ஜன்னலுக்கு நேராகக் கீழே இறக்கினான். பொயின்ற்றை எந்த இடத்தில் வைக்க என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது, "இருந்த இடத்திலயே," என்றாள் அசனா. கட்டியிருந்த வயர்த் துண்டுகளைக் கழற்றி, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினான். டக்கென்று விழுந்தது. மாதத்துக்கு ஒரு தடவை இப்படி அழுத்திப் பார்க்க வேண்டும் என்று முனீபின் கையாலும் அழுத்த வைத்தான். திரையைக் கட்டுக்கம்பியில் கட்டாமல் நைலோன் கயிற்றில் கட்டினான்.

உம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். முனீபின் கோப்பையில் மட்டும் சீனியைக் கூடப் போட்டாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். அவன் குடித்தான்.

போகும்போது ஜெமீல் திரைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். "தங்கச்சி, சாந்து பச்சையா இருக்கு. ஒரு கிழமைக்கு நாளாந்தம் தண்ணி தெளிக்கோணும், இல்லாட்டி வெடிக்கும்."

"சுவரிலயா? தண்ணியா?"

"ஓம், அந்தக் குறுக்குக் கோட்டில. அதுக்குள்ள இப்ப ஒண்டும் இல்ல, வெறுஞ்சாந்து. பொயின்ற் பக்கமும் புதுப் பைப் பக்கமும் மட்டும் போக வேணாம்."

மறுநாள் லுஹர் தொழுகை நேரம். மழை விட்டு, களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. அசனா குழாயடியில் வுழுச் செய்துவிட்டு வந்தாள். ஹோலில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் இருந்தது. ஈரக் காலோடு திரையடியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையை நீட்டி, விரல்களின் பின்பக்கத்தால் வளையத்தைத் தொட்டாள். ஒன்றும் இல்லை. விரல் நுனியால் தொட்டாள். உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள். வளையம் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கோப்பையில் தண்ணீர் எடுத்து, வாசல் பக்கம் வட்டம் இருந்த இடத்திலிருந்து தொடங்கி, குறுக்காக, பச்சைச் சாந்தில் கையால் தெளித்துக்கொண்டு வந்தாள். ஜெமீல் கரண்டியால் இழைத்திருந்தான், கண்ணாடிபோல் மட்டமாக. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு விரலின் தடமும் இல்லை. அவள் தேடினாள். கோட்டின் நடுவில், ஆணி இருந்த இடத்தில், ஈர உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வெறுங்கால் இரண்டும் தரையில் பதிய, கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

பஹ்மியா கதவடியில் நின்று, பக்கத்தில் வரப் பயந்து, அவளைப் பார்த்தது.

"உம்மா, இழுக்குதா?"

"இல்ல மகள்," என்றாள் அசனா. சுவரைவிட்டுக் கையை எடுக்காமலே அழத் தொடங்கினாள். "இனி இழுக்காது."